மஜ்ஜைக்குள் ஒலிக்கும் மூச்சுகள்: பியோர்க்கின் 'மெடுல்லா' ஒருவருடைய ஆல்பமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் 'மெடுல்லா' தனிக்கலைஞர் ஒருவரின் ஆல்பமாகவே வகைப்படுத்தப்படுகிறது, ஆனால் அதன் பெரும்பாலான பாடல்களில் வேறு யாரோ சிலரும் குரல் கொடுத்திருக்கிறார்கள், வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு மனிதக் குரலைக்கொண்டே எல்லாவற்றையும் அமைப்பது என்று முடிவெடுத்த ஒருவர், தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிவுசெய்து வேலையை முடித்திருக்கலாமே, இத்தனை விருந்தினர் எதற்கு, அவர்கள் வந்த பிறகும் அதை ஒருவருடைய படைப்பு என்பது முறைதானா? இந்த ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருபவன் என்ற முறையில், என் மனத்தில் இருக்கும் பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 'மெடுல்லா' 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் வெளிவந்தது. 1993இல் வந்த 'டெபு'விலிருந்து எண்ணினால் அது பியோர்க்கின் ஐந்தாவது ஸ்டுடியோ ஆல்பம். 14 பாடல்கள், முக்கால் மணி நேரத்தை ஒட்டிய நீளம். தலைப்பு லத்தீன் சொல். மஜ்ஜை என்று பொருள். அதற்கு முந்தைய 'வெஸ்பர்டைன்' (2001) யாழ், இசைப்பெட்டி, வாத்தியக் குழு, கணினியில் நுணுக்கி அமைத்த தாள ஒலிகள் என்று மிக நெருக்கமாக நெய்யப்பட்ட ஆல்பம். அதன் பின் 2002 அக்டோபரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். கர்ப்ப காலத்தையும் அதற்கடுத்த மாதங்களையும் உடலுக்கு மிக அருகில் வாழ்ந்த காலம் என்றே அவர் பேட்டிகளில் விவரித்திருக்கிறார். புதிய ஆல்பத்துக்கான பதிவுகளில் தொடக்கத்தில் வாத்தியங்கள் இருந்தன. ஒலிக்கலவை மேடையில் அவற்றை ஒவ்வொன்றாக ஒலியடக்கிக்கொண்டே வந்தபோது, குரல்கள் மட்டும் எஞ்சிய நிலையில்தான் பாடல்கள் உயிரோடு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதாவது, குரல் மட்டுமே என்னும் கட்டுப்பாடு முன்கூட்டியே தீட்டிய கொள்கையாக வரவில்லை. காதால் கேட்டு, நீக்கி நீக்கிக் கண்டடைந்த முடிவு அது. இதை நான் வலியுறுத்தக் காரணம், விருந்தினர் தேர்வும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது என்று நினைப்பதுதான்.

கேள்வியின் முதல் பாதிக்கு வருவோம். ஒரே மனிதர் தன் குரலை மட்டும் வைத்து முழு ஆல்பத்தையும் அமைக்க முடியும் என்பதில் ஐயமே இல்லை. அது நடந்தும் இருக்கிறது. அமெரிக்க இசைஞர் டாட் ருண்ட்கிரன் 1985இல் வெளியிட்ட 'அ கப்பெல்லா' ஆல்பத்தில் தாளம், அடிச்சுரம், பின்னணி என எல்லாமே அவருடைய குரலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒலித்துண்டுகளைச் சேமித்து வேண்டிய சுருதியில் திருப்பி ஒலிக்கும், அன்று புதிதாக இருந்த சாம்பிளர் கருவியில் அவற்றை ஏற்றி, விசைப்பலகையால் மீட்டினார். அமெரிக்கப் பாடகர் பாபி மெக்ஃபெரின் 1984இல் 'த வாய்ஸ்' என்ற ஆல்பத்தை, பல அடுக்குப் பதிவுகூட இல்லாமல், மேடையில் தனி ஆளாகப் பாடியே நிரப்பினார். இரண்டும் வியக்கத்தக்க உழைப்பு. ஆனால் ருண்ட்கிரனின் ஆல்பத்தைத் தொடர்ந்து கேட்கும்போது ஒன்று புலப்படும். சுருதியை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும், கருவியில் எவ்வளவு உருமாற்றினாலும், எல்லா அடுக்குகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தொண்டை, ஒரே மூக்கறை, ஒரே நுரையீரல். கண்ணாடிகள் சூழ்ந்த அறையில் ஒருவர் நிற்பதைப் போன்ற அனுபவம் அது. பெருக்கம் இருக்கிறது, ஆனால் எதிர்ப்படும் முகம் ஒன்றுதான்.

பியோர்க்குக்கு வேண்டியிருந்தது வேறு. அவருக்குப் பல உடல்கள் தேவைப்பட்டன. அந்த ஆல்பத்தை ஒன்றாகக் கோக்கும் இழை குரல் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்னும் துல்லியமாக, மூச்சு என்று நான் சொல்வேன். அழைக்கப்பட்ட ஒவ்வொருவரும் மூச்சோடு வேறு வேறு உறவு கொண்ட மரபிலிருந்து வந்தவர்கள், அல்லது தாமாகவே அப்படியொரு உறவைக் கண்டுபிடித்துக்கொண்டவர்கள். இதைப் புரிந்துகொண்டால் ஆல்பத்தின் கட்டுமானம் முழுவதும் திறந்துவிடும்.

டான்யா டகாக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம், ஏனெனில் முதல் பாடலான 'ப்ளெஷர் இஸ் ஆல் மைன்' அவருடைய மூச்சிரைப்போடுதான் தொடங்குகிறது. டகாக் கனடாவின் வடகோடியிலுள்ள நுனாவுட் பகுதியில், கேம்பிரிட்ஜ் பே என்னும் ஊரைச் சேர்ந்த, இனுயிட் என்னும் வடதுருவப் பழங்குடிப் பெண். 'கடாஜ்ஜாக்' எனப்படும் இனுயிட் தொண்டைப் பாட்டு மரபுப்படி இரண்டு பெண்கள் எதிரெதிரே மிக நெருங்கி நின்று, பெரும்பாலும் ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொண்டு ஆடும் ஒரு விளையாட்டு. ஒருத்தி ஒரு சிறு ஒலித்துண்டைத் தொடங்க, மற்றவள் ஒரு நொடிப்பொழுது பிந்தி அதை எடுத்துக்கொள்வாள். இரண்டும் சங்கிலிக் கண்ணிகளைப் போலப் பின்னிக்கொள்ளும். யாருக்கு முதலில் மூச்சு முட்டுகிறதோ, யார் முதலில் சிரித்துவிடுகிறாளோ அவள் தோற்றாள். இங்கே ஒலி வெளிமூச்சில் மட்டும் பிறப்பதில்லை. உள்மூச்சும் சம உரிமையுள்ள ஒலி. பெரும்பாலான பாட்டு மரபுகளில் மூச்சு எடுப்பது பாடகர் மறைக்க வேண்டிய ஒன்று, பாட்டுக்கு இடையில் வரும் இடைவெளி. கடாஜ்ஜாக்கிலோ அதுவே பாட்டு. சமயப் பரப்பாளர்களின் எதிர்ப்பால் ஒரு காலத்தில் நலிந்த இந்த மரபை, டகாக் கனடாவின் தென்பகுதியில் கலைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, தாயார் அனுப்பிய ஒலிநாடாக்களைக் கேட்டுத் தனியே கற்றுக்கொண்டார். எதிரே நிற்க இன்னொருத்தி இல்லாததால் இரு பாத்திரங்களையும் தாமே ஏற்றார். மரபின்படி இருவர் ஆடுவதை ஒருவராக ஆடும் வழி அப்படித்தான் அவருக்கு அமைந்தது. 'வெஸ்பர்டைன்' இசைப் பயணத்திலேயே அவர் பியோர்க்கோடு மேடையேறியிருந்தார்.

இந்தப் பின்னணியோடு 11ஆவது பாடலான 'ஆன்சஸ்டர்ஸ்' கேட்டுப்பாருங்கள். அதில் சொற்களே கிடையாது. பியானோ மெல்ல நகர, டகாக்கின் உறுமலும் முனகலும் மூச்சிரைப்பும் எழ, பியோர்க் அதற்கு மறுமொழி சொல்வதுபோல் தன் குரலை வளைக்கிறார். முதன்முறை கேட்கும் பலருக்கு இது கூச்சத்தையோ எரிச்சலையோ தரும், எனக்கும் தந்தது. நாகரிகமான பாட்டு எதை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்குமோ, அதெல்லாம் இங்கே நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறது. ஆனால் இது இருவர் எதிரெதிரே நின்று ஆடும் விளையாட்டு என்பது தெரிந்த பிறகு கேட்டால், தனித்துக் கற்ற டகாக்குக்கு எதிரே நிற்க ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்பது காதில் விழும். ஆல்பத்தின் பெயருக்கு மிக அருகில் இருக்கும் பாடல் என்று இதையே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர் எதிரான மூச்சு சேர்ந்திசைக் குழுவினுடையது. ஐஸ்லாந்துக் குழு ஒன்றும் லண்டன் குழு ஒன்றும் இந்த ஆல்பத்தில் பாடியிருக்கின்றன. பயிற்சி பெற்ற சேர்ந்திசையில் பாடகர்கள் வேண்டுமென்றே வெவ்வேறு கணங்களில் மூச்சு எடுப்பார்கள். அதனால் நீண்ட சுரம் எங்கும் அறுபடாமல், மூச்சே தேவைப்படாத ஒரு பேருடல் பாடுவதுபோல் நிற்கும். தனிக்குரல் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைக் கரைத்துக்கொண்டால்தான் இது கைகூடும். நான்காவதாக வரும் 'வோகுரோ' இதற்குத் தூய எடுத்துக்காட்டு. அது பியோர்க் எழுதிய பாடல் அன்று. ஐஸ்லாந்தின் இசையமைப்பாளர் யோருன் விதார் (1918–2017), யாக்கோபினா சிகுர்தார்தோத்திரின் கவிதைக்கு அமைத்த மெட்டு. மற்ற பாடல்களின் கொந்தளிப்புக்கு நடுவே பியோர்க் அதை ஏறக்குறைய எந்த மாற்றமும் செய்யாமல், தாய்மொழியில், பணிவோடு பாடுகிறார். சோதனை முயற்சி என்றால் எல்லாவற்றையும் உடைத்துப் பார்ப்பதுதான் என்று நினைப்பவர்கள் இந்தப் பாடலை ஆல்பத்தின் போக்குக்கு விலகியதாகக் கருதுவதுண்டு. மாறாத ஒன்று நடுவில் இருப்பதால்தான் சுற்றியுள்ளவை எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை அளக்க முடிகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வகை, வாயால் எழுப்பும் தாளம். அமெரிக்கர் ராசெல், ஜப்பானியர் டொக்காக்கா, பிரிட்டனைச் சேர்ந்த ஷ்லோமோ ஆகிய மூன்று பீட்பாக்ஸ் கலைஞர்கள் இந்த ஆல்பத்தில் இருக்கிறார்கள். கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இது முற்றிலும் புதிதாக இராது, ஆனால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. கொன்னக்கோல் தாளத்தின் மொழி. சொற்கட்டுகளை உச்சரித்துக் கணக்கை வெளிப்படுத்துவது, அந்தச் சொற்களைச் சொற்களாகவே கேட்கிறோம். பீட்பாக்ஸோ, டிரம் இயந்திரத்தின் ஒலியையே வாய்க்குள் பிறப்பிக்க முயல்கிறது. உதடுகளை இறுக்கி வெடிக்கச் செய்தால் அடி டிரம், பல்லிடுக்கில் காற்றை அறுத்தால் தட்டுத் தாளம், நாக்கின் பின்பகுதியை மேலண்ணத்தில் அறைந்தால் குறுமுரசு. இவற்றில் சிலவற்றை உள்மூச்சிலேயே எழுப்ப முடியும் என்பதால், தேர்ந்த கலைஞர் நிறுத்தாமலே தாளத்தை நீட்டிக்கொண்டு போகலாம். ராசெல் இந்தக் கலையில் பெயர் பெற்றதற்கு முக்கியக் காரணம், தாளத்தை எழுப்பிக்கொண்டே அதே வேளையில் மெட்டையும் பாடும் திறன். வாய் தாளத்தைக் கவனிக்கையில், முனகலாக மூக்கு வழியே மெட்டு வெளியேறும். டொக்காக்கா வேறு வகை. ராக் பாடல்களின் கிதார், பேஸ், டிரம் என எல்லாப் பகுதிகளையும் வாயாலேயே பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணையத்தில் இட்டு வந்தவர்.

மூன்றாவது பாடலான 'வேர் இஸ் த லைன்' இந்த வகைகள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும் இடம். ராசெலின் தாளத்தை மார்க் பெல் கணினியில் வெட்டி ஒட்டியிருக்கிறார். பெல், 'ஹோமோஜெனிக்' (1997) காலத்திலிருந்து பியோர்க்கோடு பணியாற்றியவர், 2014இல் மறைந்துவிட்டார். அந்தத் தாளத்தின்மேல் ஐஸ்லாந்துக் குழு இருண்ட மேகம்போல் திரள்கிறது. கீழே, ஃபெய்த் நோ மோர் என்னும் அமெரிக்க ராக் குழுவின் பாடகர் மைக் பேட்டன் அடித்தொண்டையில் முரலுகிறார். பேட்டன் பெயர் தெரிந்தவர்கள் அவர் ஒரு சரணமாவது தனித்துப் பாடுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள், பாடவில்லை. புகழ்பெற்ற ஒரு பாடகரை அழைத்து, முகம் தெரியாத அடித்தளமாக நிற்கச் சொல்லியிருக்கிறார் பியோர்க், அவரும் நின்றிருக்கிறார். பிரபலமான பாடல்களில் விருந்தினர் நடுவில் வந்து, தன் பங்கைப் பாடி, தன் முத்திரையைப் பதித்துவிட்டு விலகுவதுதான் வழக்கம். பியோர்க் இங்கே விருந்தினரின் பெயரைப் பயன்படுத்தவில்லை, அவருடைய தொண்டையைத்தான் பயன்படுத்துகிறார்.

இதற்கு மாறாக, ஒரு விருந்தினரின் இயல்பு பாடலையே தன் வசம் இழுத்துக்கொள்ளும் இடம் 'சப்மரீன்'. ராபர்ட் வயட், சாஃப்ட் மெஷின் என்னும் ஆங்கில ராக் குழுவின் டிரம் கலைஞராக இருந்தவர். 1973 ஜூனில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்து, குரலையும் விசைப்பலகையையும் மையமாக்கித் தன் இசையைப் புதிதாகக் கட்டிக்கொண்டவர். அவருடைய குரல் மெல்லியது, உயர்ந்தது, எப்போதும் உடைந்துவிடுமோ என்ற ஐயத்தை எழுப்புவது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து தங்களை உலுக்கி எழுப்பும்படி வேண்டும் இந்தப் பாடலில், அவருடைய குரலே பல அடுக்குகளாக நீருக்கடியில் மிதப்பதுபோல் எழுகிறது. பியோர்க்கின் குரல் வழக்கமாக எந்த ஏற்பாட்டையும் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும் இயல்புடையது. இங்கே அது தணிந்து, வயட்டின் குரலோடு இழைந்து, சில இடங்களில் எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறது. தன் பெயரில் வரும் ஆல்பத்தில் மற்றவரின் சாயலுக்குள் தன்னைக் கரைத்துக்கொள்ளத் துணிவு வேண்டும். தொழில்நுட்ப வியப்புகளைவிட இந்தத் துணிவுதான் என்னை இந்த ஆல்பத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்து வருகிறது.

'ஓஷியானியா'வைப் பற்றி அதிகம் பேசப்பட்டுவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கவிஞர் ஷோனோடு சேர்ந்து எழுதிய இந்தப் பாடலை, 2004 ஆகஸ்ட் 13 அன்று ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பியோர்க் பாடினார். அவர் அணிந்திருந்த ஆடை விரிந்து விரிந்து அரங்கில் நின்ற வீரர்களின் தலைக்கு மேல் கடலாகப் படர்ந்தது. கடலே தாயாக இருந்து மனித இனத்தைப் பார்த்துப் பேசும் பாடல். ஷ்லோமோவின் தாளமும், லண்டன் குழுவின் குரல்களிலிருந்து சிதறித் தெறிக்கும் துளிகளும் அழகானவைதாம். ஆயினும், ஒரு பெருவிழாவுக்காக எழுதப்பட்ட பாடலுக்குரிய வெளிச்சம் அதில் இருக்கிறது; அதற்கு முன்னால் வரும் 'டிசையர்ட் கான்ஸ்டலேஷ'னின் அந்தரங்கத்திலிருந்து நேராக இதற்குள் நுழையும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கூசுகிறது. அந்த முந்தைய பாடலைப் பற்றி ஒரு நுட்பச் செய்தி: நட்சத்திரப் பொடி உதிர்வதுபோல் அதில் கேட்கும் மின்னணு ஒலியும் குரல்தான். 'வெஸ்பர்டைன்' ஆல்பத்தில் பியோர்க் பாடிய ஒரு வரியை எடுத்து, இசைஞர் ஒலிவியே அலரி அடையாளம் தெரியாத அளவுக்குப் பொடித்து உருவாக்கியது அது. இங்கே விருந்தினர் குரல் கொடுக்கவில்லை. பியோர்க்கின் பழைய குரலையே அந்நியமாக்கி அவரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'ஓட்ல் பிர்தன்', 'மித்விகுதாக்ஸ்' ஆகிய இரண்டு குறும்பாடல்களும் பியோர்க் தன் குரலையே அடுக்கிச் செய்தவை. இனிமையான வரைவுகள், ஆனால் வரைவுகளாகவே நின்றுவிடுகின்றன. இறுதிப் பாடலான 'ட்ரையம்ஃப் ஆஃப் எ ஹார்ட்', நரம்பையும் இரத்தத்தையும் நுரையீரலையும் கொண்டாடும் துள்ளல் பாட்டு. ராசெலும் டொக்காக்காவும் தாளம் தர, கிரிகரி பர்ன்ஹேகன் வாயாலேயே டிராம்போன் வாசிக்கிறார். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அங்கே குரல், வாத்தியத்தைப் போலி செய்யும் வேடிக்கைக்கு மிக அருகில் போய்விடுகிறது. குரல் குரலாகவே இருந்து வாத்தியம் செய்ய இயலாததைச் செய்யும் 'ஆன்சஸ்டர்ஸ்' போன்ற இடங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு படி கீழேதான். வாத்தியமே இல்லாத ஆல்பம் என்று சிலர் எழுதுவதும் சரியன்று. பியானோவும் மின்னணுக் கருவிகளின் அடிச்சுரங்களும் ஆங்காங்கே இருக்கின்றன. கட்டுப்பாட்டைப் பியோர்க் சட்டமாக்கவில்லை.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி, இது யாருடைய படைப்பு என்பது. பியோர்க் இரண்டாவதாக வைத்திருக்கும் 'ஷோ மீ ஃபர்கிவ்னஸ்' இதற்கு ஒரு குறிப்பு தருகிறது. ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பாடலில் துணைக்குரல்கூட இல்லை. ஒரு பெண் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறாள், அவள் மூச்சை உள்ளிழுக்கும் ஒலியும் பதிவில் அப்படியே விடப்பட்டிருக்கிறது. டகாக்கும் பேட்டனும் குழுவும் நிறைந்த முதல் பாடலுக்கும், எல்லாம் மோதும் மூன்றாவது பாடலுக்கும் நடுவே இது நிற்கிறது. யாரும் இல்லாவிட்டால் நான் ஒலிப்பது இவ்வளவுதான் என்று அவர் தன் அளவை முதலிலேயே காட்டிவிடுகிறார். அதன் பிறகு யாரை எந்த இடத்தில் அமர்த்துவது, எந்தத் தொண்டையை எந்தக் குழுவுக்கு எதிரே நிறுத்துவது, எங்கே வெட்டுவது, எங்கே தான் விலகிக்கொள்வது ஆகிய முடிவுகள் அனைத்தும் அவருடையவை. அந்த அளவில் ஆல்பம் அவருடையதுதான், அட்டையில் ஒரே பெயர் இருப்பதில் பொய் இல்லை. ஆனால் ஒலிக்குச் சொந்தக்காரர் என்ற பொருளில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வயலின் கலைஞர் வர இயலாவிட்டால் இன்னொருவரை அழைத்து அதே சுரங்களை வாசிக்கச் செய்யலாம்; டகாக்குக்கோ வயட்டுக்கோ மாற்று ஆள் கிடையாது, ஏனெனில் பாடலில் எழுதப்பட்டிருப்பது சுரம் இல்லை, அவர்களுடைய உடல். 'மெடுல்லா'வுக்கென்று பியோர்க் தனி இசைப் பயணம் எதுவும் மேற்கொள்ளாததையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

முதன்முறை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'ஷோ மீ ஃபர்கிவ்னஸ்', 'வோகுரோ', 'சப்மரீன்', 'ஆன்சஸ்டர்ஸ்' ஆகிய நான்கையும் இதே வரிசையில், ஹெட்ஃபோனில், இரவில் கேளுங்கள், பிறகு முழு ஆல்பத்தையும் தொடக்கத்திலிருந்து கேளுங்கள். முதலில் ஒரு மூச்சு, அடுத்து மூச்சு தெரியாத ஒரு கூட்டம், அதன்பின் ஒன்றில் ஒன்று கரையும் இருவர், கடைசியாக எதிரெதிரே நின்று ஆடும் இருவர் என்று அது படிப்படியாகத் திறக்கும். அதன்பின் டகாக்கின் 'சினா' ஆல்பத்தையும் தேடிக் கேளுங்கள். அது 2005இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம். அதில் பியோர்க்கின் குரலும் இருக்கிறது, விருந்தினராக.